நட்டும் போல்ட்டும் கூட அழகுதான்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கேமராவோ, கேமரா உள்ள போனோ கையில் இருக்கிறது. குழந்தையின் பிறந்த நாள், குற்றாலப் பயணம், வாசலில் பூத்த செம்பருத்தி என்று முதல் மாதத்திலேயே ஹார்ட் டிஸ்க்கில் நானூறு படங்கள் சேர்ந்திருக்கும். அடுத்து எதை எடுப்பது? என்னைக் கேட்டால் ஒரு நட்டு, ஒரு போல்ட், ஒரு பல்சக்கரம் என்பேன்.

சிரிக்காதீர்கள். நானும் சிரித்தவன்தான். 2011-ஆம் ஆண்டு கோடையில் கல்லிடைக்குறிச்சிக்கு அருகில் என் மாமாவின் அரிசி மில்லை மூட முடிவானது. பழைய ஹல்லர் இரண்டு, ஒரு ஆயில் எஞ்சின், சுவர் நீளத்துக்கு ஓடும் ஒரு ஷாப்ட், அதில் வரிசையாகப் புல்லிகள். எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்காரரிடம் எடைக்குப் பேசி முடித்துவிட்டார். லாரி வரப் பத்து நாள்தான் இருந்தது. பள்ளி விடுமுறைகளை அந்த உமிக் குவியலில் கழித்தவன் நான். ஏழு மெகா பிக்ஸல் கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"என்னலே பண்ணுத? எடைக்குப் போற சாமானைப் போயி போட்டோ புடிச்சிக்கிட்டு" என்றார் மாமா.

"இருக்கட்டும் மாமா, ரெண்டு படம்தானே" என்றேன். அன்று எடுத்தவை 140. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தபோது உருப்படியாகத் தேறியவை ஒன்பது. ஏன் அப்படி ஆனது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன மாற்றிச் செய்தேன், அதில் ஒரு படம் பின்னால் எதற்குப் பயன்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

உலகம் முன்பே பார்த்துவிட்டது

இரும்புச் சாமானைப் படம் எடுப்பது நம் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியின் ஆல்பர்ட் ரெங்கர்-பாட்ஷ் 1928-ல் வெளியிட்ட படத் தொகுப்பில் செடிகளுக்கும் விலங்குகளுக்கும் பக்கத்திலேயே எந்திர பாகங்களும் தொழிற்சாலைகளும் இடம் பெற்றன. அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1955 ஜூலையில் 'ஃபார்ச்சூன்' இதழில் குறடு, ஸ்பேனர், கொத்தனார் கரண்டி போன்ற சாதாரணக் கைக்கருவிகளைத் தனித்தனியாக, வெறும் பின்னணியில், பக்கத்துக்கு ஒன்றாக வெளியிட்டார். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாமான்கள்தான். அதில் அலங்காரமே கிடையாது. ஆனால் நகையைப் படம் எடுப்பவர் காட்டும் மரியாதையை அவர் அந்தக் குறடுக்குக் காட்டியிருந்தார்.

நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. பாபநாசத்தில் அருவியின் நீர் வேகத்தை நம்பி 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை வந்தது. விக்கிரமசிங்கபுரம் அதைச் சுற்றி வளர்ந்த ஊர். அதே பாபநாசத்தில் 1944-ல் நீர்மின் நிலையம் வந்தது. பேட்டையில் தொழிற்பேட்டை, ஊருக்கு ஊர் லேத் பட்டறை, அரிசி மில், மாவு மில். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள். ஒவ்வொரு கால்வாய் தலைப்பிலும் மதகு, ஷட்டர், திருகு கம்பி. தண்ணீரைப் படம் எடுக்கப் போகிறவர்கள் யாரும் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணை, மின் நிலையம் போன்ற இடங்களில் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். பாபநாசம் அணைப் பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். ரயில் தண்டவாளத்தில் இறங்கி எடுப்பது ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. தனியார் பட்டறை என்றால் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் டீ வாங்கிக் கொடுத்து உள்ளே விடுவார்கள்.

140-ல் 131 ஏன் வீணாயின?

முதல் காரணம், பிளாஷ். மில் உள்ளே இருட்டு. கேமரா தானாகவே பிளாஷைப் போட்டது. எண்ணெய் படிந்த இரும்பின் மேல் நேரே பாய்ந்த வெளிச்சம் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டாகவும், சுற்றிலும் கரும் இருட்டாகவும் பதிந்தது. வார்ப்பு இரும்பில் இருந்த எழுத்துகள் மறைந்தே போயின.

இரண்டாவது, போகஸ். ஒரு போல்ட்டுக்கு மிக அருகில் போனால் சாதாரண நிலையில் கேமராவால் போகஸ் செய்ய முடியாது. கேமராவின் இரண்டரை அங்குலத் திரையில் எல்லாமே பளிச்சென்றுதான் தெரிந்தன. வீட்டில் மானிட்டரில் 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்ததும்தான் வண்டவாளம் தெரிந்தது. இன்றைய போன்களிலும் இதே கதைதான். சிறிய திரை எல்லாப் படத்தையும் நல்ல படமாகவே காட்டும். எடுத்த இடத்திலேயே பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் எனக்கு வெட்கமானது. மெமரி கார்டில் இருந்ததை கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்து கார்டை பார்மட் செய்தேன். காப்பி பாதியில் நின்றிருந்தது. முப்பதுக்கு மேல் போயிற்று. அதில் எஞ்சினின் பெயர்ப் பலகைப் படம் ஒன்றும் இருந்தது. அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படங்கள் இரண்டு இடத்தில் பதிவாகி, இரண்டிலும் பைல்களின் எண்ணிக்கையைச் சரி பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். ஒன்று ஹார்ட் டிஸ்க், மற்றொன்று வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது பென் டிரைவ்.

வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும்

இரண்டாவது ஞாயிறு காலை ஆறரை மணிக்கே போய்விட்டேன். கிழக்குப் பக்க ஜன்னலைத் திறந்ததும் வெயில் தரையோடு தரையாக, சாய்வாக உள்ளே வந்தது. முந்தைய வாரம் வெறும் கருப்புப் பலகையாகத் தெரிந்த ஹல்லர் மூடியில் எழுத்துகள் எழுந்து நின்றன. புடைப்பாக உள்ள எதையும் எடுக்க இதுதான் வழி. வெளிச்சம் எதிரிலிருந்து விழுந்தால் மேடு பள்ளம் தெரியாது. பக்கத்திலிருந்து உரசிக்கொண்டு போனால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும். வெயில் இல்லையா? ஒரு டார்ச் லைட் போதும். பொருளின் ஓரத்தில், அதன் தளத்தோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். டார்ச்சைச் சுற்றி நகர்த்திக்கொண்டே திரையைப் பார்த்தால் எங்கே நிறுத்துவது என்பது உங்களுக்கே தெரியும்.

பளபளக்கும் எஃகு வேறு ஜாதி. அது கண்ணாடி மாதிரி. எதிரில் இருப்பதையெல்லாம் தன்னுள் காட்டும். உங்கள் சட்டை, போன், முகம் எல்லாம் அதில் தெரியும். இதற்கு வெளிச்சத்தைப் பரப்ப வேண்டும். நான் மாமாவின் துவைத்த வேட்டியை ஜன்னலில் கட்டினேன். நாலு முழ வேட்டி போல ஒரு நல்ல டிஃப்யூசரை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் நிழல் அதிகமாக இருந்தால் ஒரு வெள்ளை தெர்மகோல் அட்டையை நிறுத்துங்கள். சின்ன போல்ட் என்றால் சமையலறை அலுமினியத் தாள் ஒரு துண்டு போதும்.

கருப்பு இரும்பில் இன்னொரு சிக்கல் உண்டு. கேமராவின் மீட்டர், எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். கருப்பைப் பார்த்தால் 'வெளிச்சம் போதாது' என்று கூட்டிவிடும். படம் வெளிறிய சாம்பலாக வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று கூட்டல், கழித்தல் குறி போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதில் மைனஸ் 1 வைத்துப் பாருங்கள். இரும்பு இரும்பாகத் தெரியும். போன்களில் திரையைத் தொட்டதும் வரும் சூரியப் படத்தைக் கீழே இழுத்தால் இதே வேலை நடக்கும்.

உமி மூட்டை ட்ரைபாட்

கிட்டத்தில் எடுக்கும்போது கை ஒரு நூல் அசைந்தாலும் படம் போயிற்று. ட்ரைபாட் வேண்டும்தான். ஆனால் மில்லின் சந்து பொந்துகளில் அதை விரிக்க இடமில்லை. ஒரு சிறிய துணிப்பையில் முக்கால் பாகம் உமியை நிரப்பிக் கட்டினேன். அதன் மேல் கேமராவை அழுத்தி வைத்தால் எந்தக் கோணத்திலும் அசையாமல் நிற்கும். உமி கிடைக்காதவர்கள் அரிசியோ மணலோ போடலாம். பிறகு செல்ஃப் டைமரை 2 நொடியில் வைத்து பட்டனை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

அருகில் எடுக்க, கேமராவில் பூப் படம் போட்ட மேக்ரோ நிலை இருக்கும். பெரும்பாலான சிறிய கேமராக்களில் ஜூம் செய்யாமல் இருக்கும்போதுதான் இது மிக அருகில் வேலை செய்யும். போன்களில் சிலவற்றுக்கு 2 மெகா பிக்ஸல் மேக்ரோ லென்ஸ் என்று தனியாக ஒன்றைக் கொடுக்கிறார்கள். என் அனுபவத்தில், அதை விட முக்கிய லென்ஸில் ஒரு சாண் தள்ளி நின்று எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்வது மேல்.

கிட்டப் போகப் போக, போகஸ் ஆகும் ஆழம் குறைந்துகொண்டே போகும். போல்ட்டின் தலை தெளிவாக இருந்தால் அதன் வால் மங்கும். முழுவதும் தெளிவாக வேண்டும் என்றால் போல்ட்டைக் கேமராவுக்கு இணையாகக் கிடத்துங்கள். மங்கலே அழகு என்று தோன்றினால் தலையை நோக்கிப் பிடித்து மற்றதைக் கரைய விடுங்கள். இரண்டும் சரிதான். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே.

எதை எடுப்பது?

அன்று எனக்கு வழிகாட்டியவர் முப்பது வருடமாக அந்த எஞ்சினை ஓட்டிய அண்ணாச்சி. நான் பெரிய சக்கரத்தையே சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, "தம்பி, இங்க பாரும்" என்று பெல்ட் மாற்றும் நெம்புகோலின் பிடியைக் காட்டினார். மரப் பிடி. நான்கு விரல்கள் பட்ட இடம் நான்கு பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அதில் அவர் கையை வைத்தபோது அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. கையோடு ஒன்று, கை இல்லாமல் ஒன்று என இரண்டு படம் எடுத்தேன். அந்த ஒன்பதும் இந்த இரண்டுக்கு ஈடாகாது.

அதன் பிறகு அவர் காட்டியதெல்லாம் இப்படித்தான். எண்ணெய்க் கிண்ணத்தின் விளிம்பில் தொங்கும் சொட்டு. தட்டையான பெல்ட்டின் இரு முனைகளைக் கோர்த்திருந்த தோல் தையல், ஏறக்குறைய செருப்புத் தையல் மாதிரி. ஹல்லருக்குள் சுழலும் உருளையின் வரிப் பள்ளங்கள், நெல் உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் மொழுக்கென்று ஆகியிருந்தன. அடியில் தவிடு இறங்கும் சல்லடைத் தகடு. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தை இன்றும் யாரிடம் காட்டினாலும் இரவில் விமானத்திலிருந்து பார்த்த ஊர் என்கிறார்கள்.

இந்த ஹல்லரின் பூர்வீகம் பிரேசில். எவாரிஸ்டோ கொன்ராடோ எங்கெல்பெர்க் என்பவர் 1885 வாக்கில் உருவாக்கியது. பிறகு அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரில் இதற்கென்றே கம்பெனி தொடங்கி உலகம் முழுக்க அனுப்பினார்கள். நம் நாட்டுப் பட்டறைகள் அதைப் பார்த்து ஆயிரக்கணக்கில் செய்தன. குருணை அதிகம் விழும் என்பதால் ரப்பர் உருளை மில்கள் வந்ததும் இதன் காலம் முடிந்தது. 'அமெரிக்கா' என்பதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

முக்கியமான ஒன்று. ஓடும் எந்திரத்துக்கு அருகில் மேக்ரோ எடுக்கப் போகாதீர்கள். வேட்டி, துண்டு, துப்பட்டா, கேமரா வார் எதுவும் பெல்ட்டில் சிக்க ஒரு நொடி போதும். நிறுத்திய பிறகு, ஓட்டுபவர் பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள். லென்ஸ் மாற்றும் கேமரா வைத்திருப்பவர்கள் தவிட்டுத் தூசியில் லென்ஸைக் கழற்ற வேண்டாம்.

மில் இல்லாதவர்களுக்கு

தெருவில் அடிகுழாய் இருக்கிறதா? 1970-களில் உருவான 'இந்தியா மார்க் 2' வகை பம்பாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். யுனிசெஃப் உதவியுடன், சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரடாஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி, உலகின் பல நாடுகளுக்குப் போனது. அதன் கைப்பிடி நுனி வெள்ளியாகப் பளபளக்கும். இரண்டு அடி தள்ளி அதே கம்பி துருப் பிடித்திருக்கும். எந்த இடம் வரை கைபடுகிறது என்பதற்கு அந்தக் கோடே சாட்சி. அடிப்பட்டையின் போல்ட்டுகளையும், அதைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் விழும் நிழலையும் தரையோடு படுத்து எடுத்துப் பாருங்கள்.

கால்வாய் மதகுகளின் ஷட்டர் திருகு இன்னொரு விருந்து. சாதாரண போல்ட்டின் மரை முக்கோணமாக இருக்கும். பாரம் தூக்கும் திருகில் மரை சதுரமாக இருக்கும். உராய்வு குறைவு, பாரம் இறங்கியும் தானாகத் திரும்பி வராது. அந்தச் சதுரப் படிகளில் பழைய கிரீஸும் புழுதியும் சேர்ந்து கருத்திருக்க, பக்கத்து வெயில் பட்டால் கோபுரப் படிகள் மாதிரி இருக்கும். சாலையில் நின்று தெரிகிற மதகுகளே போதும். கால்வாய் லஸ்கர் இருந்தால் கேட்டுக்கொண்டு எடுங்கள். ஷட்டர் சக்கரத்தை ஆசைக்குக்கூட தொட்டுத் திருப்ப வேண்டாம். நீங்கள் திருப்புவது ஒருவருடைய வயலின் தண்ணீர்.

பழைய தண்டவாளத் துண்டுகளை வேலிக் கம்பமாக நட்டிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். தண்டவாளத்தின் பக்கவாட்டில் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பாக உருட்டப்பட்டிருக்கும். சாய்வு வெயிலில் படிக்கலாம். நம் திருநெல்வேலி - தென்காசிப் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையானது 2012-ல். அந்த மாதிரி மாற்றங்களில் கழிந்த இரும்பு எங்கெங்கோ கம்பமாக நிற்கிறது.

வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஒரு கைப்பிடி நட்டும் வாஷரும் வாங்குங்கள். கருப்பு சார்ட் பேப்பரில் புள்ளிக் கோலம் மாதிரி வையுங்கள். வாஷர் புள்ளி, ஸ்பிரிங் இழை. மேலிருந்து நேராக எடுங்கள். என் மனைவி வைத்த பதினைந்து புள்ளிக் கோலம் ஒரு மார்கழிக்கு எங்கள் டெஸ்க்டாப் வால்பேப்பராக இருந்தது.

கேமராவே இல்லாமல்!

உங்களிடம் ஸ்கேனர் இருந்தால் கேமராவே வேண்டாம். ஆமாம், போல்ட்டை ஸ்கேன் செய்யலாம்! கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்க முதலில் ஒரு தெளிவான ஓ.எச்.பி. ஷீட்டை விரியுங்கள். நன்றாகத் துடைத்த போல்ட்டையோ பல்சக்கரத்தையோ மெதுவாக வையுங்கள். மூடியைத் திறந்தே விட்டு மேலே கருப்புத் துணியைப் போர்த்துங்கள். 600 டி.பி.ஐ. என்று கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். 5 செ.மீ. நீளமுள்ள போல்ட் சுமார் 1180 பிக்ஸல் நீளத்துக்கு வரும். 1200 டி.பி.ஐ. என்றால் அதைப் போல இரு மடங்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்கேனர்களில் இரண்டு வகை. சி.சி.டி. வகை பருமனாக இருக்கும், கண்ணாடிக்கு மேலே சற்று உயரம் வரை தெளிவாகப் பதியும். சி.ஐ.எஸ். வகை ஒல்லியாக, யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓடும். இது கண்ணாடியைத் தொடும் பகுதியை மட்டும்தான் தெளிவாக எடுக்கும், மீதி மூடுபனி. இன்று ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களில் பெரும்பாலும் வருவது இந்த ஒல்லி வகைதான். வாஷர், சாவி போன்ற தட்டையான சாமானுக்கு அது போதும். கனமான இரும்பைக் கண்ணாடி மேல் வைத்து உடைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

இரண்டே இலவச புரோகிராம்கள் போதும். படங்களைப் பார்க்கவும் ஒழுங்கு செய்யவும் இர்பான்வியூ. திருத்த ஜிம்ப். முன்பு பலரும் வைத்திருந்த பிகாசாவை கூகுள் 2016-ல் நிறுத்திவிட்டது.

முதலில் போல்டர் பெயர். (போல்டர் வேறு, போல்ட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்!) 2011-05-08-மில் என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களைக் கொடுங்கள். அகர வரிசையில் அடுக்கினால் தானாகவே கால வரிசையாகிவிடும். அதே போல்டரில் ஒரு டெக்ஸ்ட் பைலைத் திறந்து, எது என்ன பாகம், யார் சொன்னார்கள், என்ன அளவு என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். நான் செய்யாமல் விட்ட இரண்டு படங்கள் எந்த பாகம் என்று எனக்கே இன்று தெரியாது.

இர்பான்வியூவில் படத்தைத் திறந்து 'ஐ' கீயை அழுத்தினால் படத்தின் விவரங்கள் கிடைக்கும். எக்சிப் என்ற பட்டனைக் க்ளிக் செய்தால் எந்தத் தேதி, எவ்வளவு ஷட்டர் வேகம், பிளாஷ் போட்டதா இல்லையா என்று கேமரா எழுதி வைத்த குறிப்பு வரும். மங்கலான படத்தில் ஷட்டர் வேகம் எட்டில் ஒரு நொடி என்று இருந்தால் குற்றவாளி உங்கள் கைதான். மவுஸால் ஒரு கட்டம் வரைந்து கண்ட்ரோல் மற்றும் ஒய் கீகளை அழுத்தினால் கட்டத்துக்கு வெளியே உள்ளது வெட்டப்படும். கூச்சப்படாமல் வெட்டுங்கள். சிறு பொருள் படத்தில் பாதிக்கு மேல் வெற்றுச் சுவர் எதற்கு?

ஜிம்ப்பில் கலர்ஸ் மெனு சென்று லெவல்ஸ் தேர்ந்தெடுங்கள். மலை மாதிரி ஒரு வரைபடம் வரும். இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வலது முக்கோணத்தை முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். தூசி படிந்த கண்ணாடியைத் துடைத்தது போலப் படம் தெளியும். துருவின் ஆரஞ்சு நிறத்தை எடுத்துக் காட்ட நிறத்தைக் கூட்ட வேண்டாம். பின்னணியில் நீலமாக ஏதாவது வைத்தாலே போதும், அது தானாக எரியும். இரும்பின் வடிவம்தான் பேசுகிறது, நிறம் இடைஞ்சல் என்றால் கருப்பு வெள்ளையாக்குங்கள். கடைசியாக பில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ் பிரிவில் ஷார்ப்பன் இருக்கிறது. கொஞ்சமாகக் கொடுங்கள். அதிகமானால் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும்.

ஜேபெக் பைலைத் திரும்பத் திரும்பத் திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் சற்றுக் குறையும். வேலையை ஜிம்ப்பின் சொந்த பார்மட்டான எக்ஸ்.சி.எஃப்.-ல் சேமியுங்கள். முடிந்த பிறகு எக்ஸ்போர்ட் மூலம் ஜேபெக் ஆக்குங்கள். அசல் படத்தைத் தொடவே தொடாதீர்கள். பிரிண்ட் போட வேண்டுமா? 6-க்கு 4 அங்குலத்துக்கு 1800-க்கு 1200 பிக்ஸல் இருந்தால் நன்றாக வரும். பழைய 2 மெகா பிக்ஸல் கேமராவின் படத்திலேயே ஏறக்குறைய அவ்வளவு உண்டு. ஆகவே கேமராவைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒரு போல்ட்டின் கதை

லாரி சொன்ன நாளில் வந்தது. மாமா பார்க்க வரவில்லை. அண்ணாச்சிதான் நின்று எண்ணி ஏற்றிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மாமாவுக்குத் தெரிந்த, இன்னும் ஹல்லர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மில்காரர் வந்தார். அவருடைய ஹல்லரில் கத்தியை நெருக்கி வைக்கும் நீளத் திருகு முறிந்துவிட்டது. கீழ்ப் பாதி உமியோடு போய்விட்டது. மேல் துண்டில் மரை மழுங்கிக் கிடந்தது. நம் மில்லில் அதே திருகு இருந்ததே, கிடைக்குமா என்று கேட்டார். எல்லாம் எடைக்குப் போய்விட்டது என்றார் மாமா. லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். ஆனால் பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. "அரை இஞ்சுதான், சரி. இது இங்கிலீஷ் மரையா, அமெரிக்கன் மரையா?"

ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த ஆங்கில மரையில் அரை அங்குலப் போல்ட்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 12 புரி. மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரையில் அதே அரை அங்குலத்துக்கு 13 புரி, 60 டிகிரி. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகிவிடும். பலத்தைக் காட்டித் திருகினால் ஹல்லரின் வார்ப்பு உடலில் இருக்கும் மரை கெடும். ஹல்லர் உலகம் முழுக்கப் போனது அமெரிக்காவிலிருந்து, இதைச் செய்தது நம்மூர் வார்ப்புப் பட்டறை. எது என்று யார் சொல்வது?

இரண்டாவது ஞாயிறு எடுத்த படங்களில் அந்தத் திருகும் இருந்தது. அதைக் கழற்றி வேட்டி வெளிச்சத்தில் கிடத்தியபோது அண்ணாச்சி, "அளவு தெரிய வேண்டாமா?" என்று தன் எஃகு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்திருந்தார். அப்போது அந்த ஸ்கேல் படத்தைக் கெடுக்கிறதே என்று எனக்கு எரிச்சல்.

ஜிம்ப்பில் திறந்து 100 சதவீதத்தில் வைத்தேன். டூல்ஸில் மெஷர் என்று ஒரு கருவி உண்டு, காம்பஸ் போன்ற படம். அதைக் கொண்டு ஸ்கேலில் ஒரு அங்குலத்தை இழுத்தால் ஏறக்குறைய 1200 பிக்ஸல். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை அளந்தால் 100 பிக்ஸல். 13 புரியாக இருந்தால் 92 வர வேண்டும். ஒன்றை அளந்தால் பிழை வரலாம் என்று பத்துப் புரிகளைச் சேர்த்து அளந்தேன். ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது. மரையின் ஓரத்தில் அதே கருவியால் கோணத்தைப் பார்த்தேன். 54, 56 என்று மாறி மாறிக் காட்டியது, 60-ஐத் தொடவில்லை. ஸ்கேலும் திருகும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்ததால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஸ்கேல் கீழே, போல்ட் மேலே என்று இருந்திருந்தால் கேமராவுக்கு அருகில் உள்ளது பெரிதாகத் தெரிந்து கணக்கு தப்பியிருக்கும்.

படத்தை ஒரு ஏ-4 தாளில் பிரிண்ட் எடுத்து, தலையின் நீளம், நுனியில் ஒல்லியாகும் இடம் எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தேன். பட்டறைக்காரர் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "பன்னெண்டுதான், ஊர்ப் பட்டறை வேலை" என்று லேத்தைப் போட்டார். மறுநாள் மாலை மில்காரர் போன் செய்தார். கையாலேயே கடைசி வரை ஏறிவிட்டதாம், ஸ்பேனரே தேவைப்படவில்லையாம்.

முறிந்த அந்த மேல் துண்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முறிந்த முகத்தில் சிறு மணல் மணலாக ஒரு மினுமினுப்பு இருக்கிறது. ஒல்லி ஸ்கேனரில் அது சரியாக வரவில்லை. பருமனான பழைய ஸ்கேனர் ஒன்று வண்ணார்பேட்டையில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. அடுத்த வாரம் ஓ.எச்.பி. ஷீட்டோடு போக வேண்டும்.